ஜிப், சிஎச்எம், ஜிஇசட்: மென்பொருள் கையேடுகளை வீட்டுக் கணினியில் திறப்பதில் சிக்கல்

கரிசல்பெண்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் விண்டோஸ் 10 போட்ட டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. பைத்தான் என்ற நிரல் மொழி படிக்க ஆரம்பித்திருக்கிறேன். எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஃபோன் ஹாட்ஸ்பாட்தான் இணையம், மின்சாரம் போனால் சிக்னலும் கூடவே போய்விடும். அதனால் பைத்தான் தளத்திலேயே தருகிற ஆவணத் தொகுப்பை, எச்டிஎம்எல் பக்கங்கள் அடங்கிய ஜிப்பாக இறக்கி வைத்தேன்.

டபுள் கிளிக் செய்தால் ஜிப் திறக்கிறது. உள்ளே இன்டெக்ஸ் என்ற பக்கமும் இருக்கிறது. அதைத் திறந்தால் வெறும் எழுத்துதான் வருகிறது. நிறம் இல்லை, பக்கவாட்டுப் பட்டியல் ஒழுங்காக இல்லை, எந்த இணைப்பைத் தொட்டாலும் ஃபைல் கிடைக்கவில்லை என்கிறது. தேடல் பெட்டியும் வேலை செய்யவில்லை. திரும்ப இறக்கிப் பார்த்தும் அதே கதைதான்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அப்பா கடையில் ஒரு பழைய கணக்கு மென்பொருள் பயன்படுத்துகிறார். அதன் கையேட்டை சிஎச்எம் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார்கள். இடது பக்கம் தலைப்புகள் எல்லாம் தெரிகின்றன, வலது பக்கம் மட்டும் காலி. கோப்பே கெட்டுப்போய் வந்திருக்கிறதா?

மலைக்கோட்டை

வணக்கம் சகோதரி. முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, இன்னொரு முறை இறக்கி டேட்டாவை வீணாக்க வேண்டாம்.

ஜிப்புக்குள் இருக்கும் பக்கத்தை நேராக டபுள் கிளிக் செய்தால், விண்டோஸ் அந்த ஒரே ஒரு கோப்பை மட்டும் உருவி ஒரு தற்காலிக ஃபோல்டரில் போட்டு, அதை பிரவுசரிடம் கொடுக்கிறது. மற்றவை எல்லாம் ஜிப்புக்குள்ளேயே இருக்கின்றன. பக்கத்தின் அலங்காரம், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் அந்தத் தொகுப்பில் ஸ்டாட்டிக் என்ற துணை ஃபோல்டரில் இருக்கும். பிரவுசர் அதைப் பக்கத்தில் தேடுகிறது, அங்கே எதுவும் இல்லை. இணைப்புகள் அறுந்து போவதற்கும் இதுவே காரணம். சந்தேகமாக இருந்தால் பிரவுசரின் முகவரிப் பட்டையைப் பாருங்கள், நடுவில் எங்காவது டெம்ப் என்று இருக்கும்.

ஜிப்பின் மேல் வலது கிளிக் செய்து எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுங்கள். எங்கே பிரிக்க வேண்டும் என்று கேட்கும். டெஸ்க்டாப்பைக் கொடுக்காமல் சி டிரைவிலோ டி டிரைவிலோ நேராக 'டாக்ஸ்' மாதிரி ஒரு சின்னப் பெயரில் ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் பிரிந்த பிறகு அந்த ஃபோல்டருக்குள் போய் இன்டெக்ஸைத் திறந்து, பிரவுசரில் புக்மார்க் செய்துவிடுங்கள். தேடலும் வேலை செய்யும். தேடல் பட்டியல் முழுவதும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாகத் தொகுப்பிலேயே வருகிறது, அதற்கு இணையம் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. ஜிப்புக்குள்ளிருந்து நேராகத் திறந்த மாதிரி நிரலில் திருத்தம் செய்து சேமித்தால், அது அந்த டெம்ப் ஃபோல்டரில்தான் போய் உட்காரும். பிறகு தேடினால் ஜிப்பில் பழையதுதான் இருக்கும். படிக்கிறவர்கள் நிறைய பேர் இப்படி வேலையை இழக்கிறார்கள். முதலில் பிரித்துவிட்டு அப்புறம் திறக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

கரிசல்பெண்

நன்றி அண்ணா! முகவரியில் டெம்ப் என்றுதான் இருந்தது. பிரித்த பிறகு அழகாக வருகிறது, தேடலும் வருகிறது. சிஎச்எம் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

பழையதட்டு

சிஎச்எம் நான் வருடக்கணக்காகப் புழங்கும் பொருள், விரிவாகவே சொல்கிறேன்.

சிஎச்எம் என்பது எச்டிஎம்எல் பக்கங்களையும் படங்களையும் பொருளடக்கத்தையும் ஒன்றாக அழுத்திக் கட்டிய ஒரே கோப்பு. மைக்ரோசாஃப்ட் 1997-ல் கொண்டுவந்தது. உள்ளே இருக்கும் சுருக்க முறைக்கு எல்இசட்எக்ஸ் என்று பெயர். அமிகா கணினிகளுக்காக 1995-ல் இரண்டு பேர் எழுதியது, பிறகு அவர்களில் ஒருவர் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். இருபது வருடத்துக்கு முன்பு எந்த மென்பொருளை எடுத்தாலும் கையேடு இந்த வடிவில்தான் வரும்.

உங்கள் கோப்பு கெடவில்லை. இடது பக்கம் தலைப்புகள் வருவதே அதற்கு அடையாளம். இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ வந்த கோப்பின் மேல் விண்டோஸ் ஒரு மறைவான குறிப்பைப் போட்டு வைக்கிறது, 'இது வெளியிலிருந்து வந்தது' என்று. அந்தக் குறிப்பு இருக்கும்வரை சிஎச்எம் பார்வையான், அதாவது கோப்பைத் திறந்து காட்டும் மென்பொருள், பக்கங்களைக் காட்டாது. எல்லாம் பாதுகாப்புக்காகத்தான். சிஎச்எம்முக்குள் ஸ்கிரிப்ட் ஓட முடியும், அதை வைத்து வைரஸ் பரப்பியவர்கள் உண்டு.

வழி இதுதான். கோப்பின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். ஜெனரல் பக்கத்தின் அடியில் 'இந்தக் கோப்பு வேறு கணினியிலிருந்து வந்தது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி, பக்கத்தில் அன்பிளாக் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்து ஓகே கொடுங்கள். மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால் வலது பக்கம் வந்துவிடும்.

டிக் செய்வதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள். அனுப்பியவர் மென்பொருள் கொடுத்த ஆள்தானா என்று அப்பாவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். யாரோ அனுப்பிய சிஎச்எம்மை அன்பிளாக் செய்வதும் யாரோ அனுப்பிய இஎக்ஸ்இ நிரலை ஓட்டுவதும் ஒன்றுதான்.

அன்பிளாக் செய்த பிறகும் காலியாகவே இருந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். கோப்பு வேறு கணினியிலோ நெட்வொர்க் டிரைவிலோ இருக்கக் கூடாது. 2005-ல் வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு நெட்வொர்க்கில் இருக்கும் சிஎச்எம் திறக்காது, உங்கள் வட்டுக்கு நகலெடுத்துத்தான் பார்க்க வேண்டும். அடுத்தது, அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரின் பெயரில் ஹாஷ் குறி (#) இருக்கக் கூடாது. சி ஷார்ப் நிரல் மொழி படிக்கிறவர்கள் அந்தக் குறியைப் போட்டு ஃபோல்டருக்குப் பெயர் வைத்து, கையேடுகளை அதற்குள் போட்டுவிட்டு, ஏன் திறக்கவில்லை என்று முழிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். இணைய முகவரிகளில் அந்தக் குறிக்கு வேறு அர்த்தம் இருப்பதால் பார்வையான் அதோடு நின்றுவிடுகிறது.

தறிநாடா

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். இவ்வளவு பாடுபட்டு ஜிப், சிஎச்எம் எல்லாம் எதற்கு? எல்லா ஆவணமும் இணையத்தில் இருக்கிறதே. ஃபோனில் தேடினால் ஒரு நொடியில் வந்துவிடும்.

கரிசல்பெண்

பழையதட்டு ஐயா, அன்பிளாக் செய்ததும் வந்துவிட்டது. அப்பாவிடம் கேட்டேன், மென்பொருள் போட்டுக் கொடுத்தவரே அனுப்பியதுதான். மிக்க நன்றி.

தறிநாடா, எங்கள் ஊரில் தினசரி டேட்டா முடிந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். சாயங்காலம்தான் எனக்குப் படிக்க நேரம் கிடைக்கும், அந்த நேரத்தில்தான் சிக்னலும் மோசமாக இருக்கும்.

பெங்குயின்கூடு

தறிநாடா, இணைய வசதி நன்றாக இருப்பவர்களுக்கும் இதில் பலன் உண்டு. தேடினால் வருவது பெரும்பாலும் புதிய பதிப்பின் ஆவணம். உங்கள் கணினியில் இருப்பது இரண்டு பதிப்பு பழையதாக இருக்கும். அதில் இல்லாத ஒரு வசதியை இணையத்தில் படித்துவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று அரை நாள் போராட வேண்டியிருக்கும். உங்கள் பதிப்புக்கான ஆவணத்தைப் பக்கத்திலேயே வைத்திருந்தால் அந்தத் தொல்லை கிடையாது. பழைய மென்பொருள் என்றால் ஆவணம் தளத்திலிருந்தே காணாமல் போய்விடுவதும் உண்டு.

லினக்ஸில் இருப்பவர்களுக்காக ஒரு விஷயம். டெபியன், உபுண்டு, மின்ட் எது வைத்திருந்தாலும் சரி, நீங்கள் நிறுவிய ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஏதாவது ஒரு ஆவணம் உங்கள் வட்டில் ஏற்கெனவே இருக்கிறது. யூஎஸ்ஆர், அதற்குள் ஷேர், அதற்குள் டாக் என்று போய்ப் பாருங்கள். ஒவ்வொரு தொகுப்பின் பெயரிலும் ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ளே பல கோப்புகள் ஜிஇசட் என்று முடியும், ஜீஜிப் என்ற கருவியால் சுருக்கியவை அவை. டெபியனின் கொள்கை ஆவணமே உரைக் கோப்புகளை ஜீஜிப்பால் முழு அளவுக்குச் சுருக்கி வைக்கச் சொல்கிறது. தொகுப்பு கட்டும் கருவி 4 கிலோபைட்டுக்கு மேல் உள்ள ஆவணங்களைத் தானே சுருக்கிவிடும். உரிமக் கோப்பு, எச்டிஎம்எல் பக்கங்கள் போன்றவற்றைத் தொடாது. மாற்றப் பதிவுகள் சின்னதாக இருந்தாலும் சுருக்கப்படும்.

இவற்றைப் படிக்க எதையும் பிரிக்க வேண்டியதில்லை. டெர்மினலில் இசட்லெஸ் என்ற கட்டளையைக் கொடுத்துக் கோப்பின் பெயரைச் சேர்த்தால் அப்படியே பக்கம் பக்கமாகப் படிக்கலாம். எல்லாக் கோப்புகளுக்குள்ளும் ஒரு சொல்லைத் தேட இசட்கிரெப் இருக்கிறது. விம் எடிட்டர் வைத்திருப்பவர்கள் ஜிஇசட் கோப்பை நேராகவே திறக்கலாம். இந்த ஃபோல்டரை ஒரு தடவை மேய்ந்து பாருங்கள். ரீட்மி, மாதிரி அமைப்புக் கோப்புகள், உங்கள் லினக்ஸ் வகைக்கென்று தனியாக எழுதிய குறிப்புகள் எல்லாம் இருக்கும். பலர் வெளியே தேடி அலைகிற விடை அங்கேயே கிடக்கும்.

வடமராட்சிக்காற்று

வணக்கம். நான் பருத்தித்துறை. இங்கேயும் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். ஒரு பெரிய ஆவணத் தொகுப்பை ஜிப்பாக இறக்கினேன், திறந்தால் 'கோப்புறை செல்லாது' என்கிற மாதிரி ஆங்கிலத்தில் பிழை வருகிறது. உள்ளே ஒன்றுமே காட்டவில்லை. முக்கால்வாசி இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். இருக்கிறதையாவது எடுக்க வழி உண்டா?

மலைக்கோட்டை

உண்டு. ஜிப்பின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் வழியும் புரிந்துவிடும்.

ஜிப்பில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டு வரிசையாக அடுக்கப்படுகிறது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியல், புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொருளடக்கம் போட்ட மாதிரி, கோப்பின் வாலில் இருக்கிறது. ஜிப்பைத் திறக்கும் மென்பொருள் முதலில் வாலைத்தான் போய்ப் பார்க்கும். உங்களுக்கு இறங்காமல் போனது அந்த வால். அதனால்தான் முக்கால்வாசி இருந்தும் ஒன்றுமே இல்லை என்கிறது.

லினக்ஸில் ஜிப் கட்டளைக்கே பழுதுபார்க்கும் வசதி உண்டு. எஃப்எஃப் என்று இரண்டு பெரிய எழுத்தைக் கோடு போட்டுக் கொடுத்து, புதிய கோப்புக்கு வேறு பெயரும் கொடுத்தால், அடுக்கியிருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துப் புதிய பட்டியல் கட்டும். விண்டோஸில் 7-ஜிப் என்ற மென்பொருளைப் போட்டுத் திறந்து பாருங்கள், பிழை சொல்லிக்கொண்டே இருக்கிறதைக் காட்டும்.

ஆனால் ஆவணத் தொகுப்பு என்றால் அப்படி மீட்டதை நம்பி வைத்துக்கொள்ளாதீர்கள். பாதி இணைப்புகள் அறுந்த கையேட்டை வைத்துப் படிப்பது வீண் சிரமம். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உள்ள டவுன்லோட் மேனேஜர் ஒன்றைப் போட்டு முழுதாக இறக்குங்கள். தளத்தில் ஷா-256 என்று நீளமான ஓர் எண் கொடுத்திருந்தால், கோப்பு மாறாமல் முழுதாக வந்ததா என்று அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸில் செர்ட்யூடில் என்ற கட்டளை எதையும் நிறுவாமலே அந்த எண்ணைக் கணக்கிட்டுத் தரும்.

பெங்குயின்கூடு

மலைக்கோட்டை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இணைப்பு மோசமான இடத்தில், தளம் ஜிப், டார் ஜிஇசட் இரண்டையும் கொடுத்தால் டார் வகையை எடுங்கள். டாருக்குக் கடைசியில் பட்டியல் கிடையாது. முதலிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போகிற அமைப்பு, காந்த நாடாவில் எழுதுவதற்காக உருவானது. பாதியில் அறுந்தாலும் அதுவரை வந்த கோப்புகள் ஒழுங்காகப் பிரியும்.

அளவும் குறையும். டார் வெறுமனே கோப்புகளை ஒட்டிக் கட்டுகிறது, அந்த ஒட்டுமொத்தத்தையும் ஒரே பொருளாகச் சுருக்குகிறார்கள். ஆவணப் பக்கங்கள் ஆயிரம் இருந்தால் ஆயிரத்திலும் அதே தலைப்பகுதி, அதே அடிப்பகுதி. ஜிப் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகச் சுருக்குவதால் அந்த ஒற்றுமையைப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. டாரோடு எக்ஸ்இசட் என்ற சுருக்க முறை சேர்ந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். குறையும் உண்டு. நடுவில் இருக்கும் ஒரு கோப்பு மட்டும் வேண்டுமென்றாலும் முதலிலிருந்து படித்து வர வேண்டும்.

கொல்லிமலைத்தேன்

டார் என்றால் விண்டோஸ்காரர்களுக்குத் தனி மென்பொருள் தேவைப்படாதா?

பழையதட்டு

இப்போது தேவையில்லை. 2018-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து டார் கட்டளை உள்ளேயே வருகிறது. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, டார் என்று அடித்து, கோடு போட்டு எக்ஸ், எஃப் என்ற இரண்டு எழுத்தும் பிறகு கோப்பின் பெயரும் கொடுத்தால் பிரித்துவிடும். அதே கட்டளை ஜிப்பையும் பிரிக்கும். விண்டோஸ் 11-ல் 2023 இறுதியிலிருந்து 7இசட், ஆர்ஏஆர், டார் வகைகள் எல்லாமே ஜிப் மாதிரி டபுள் கிளிக்கில் திறக்கின்றன.

இருந்தாலும் நான் எந்த வீட்டுக் கணினியிலும் 7-ஜிப் போட்டு வைப்பேன். இலவசம், திறந்த மூலம், விளம்பரம் கிடையாது. சிஎச்எம் கோப்பையே பிரித்து உள்ளே இருக்கும் பக்கங்களை வெளியே எடுத்துத் தரும் என்பது பலருக்குத் தெரியாது. அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். 'இந்தக் கோப்பைத் திறக்க இந்த மென்பொருள் வேண்டும்' என்று கண்ட தளமும் காட்டும் பொத்தான்களைத் தொடாதீர்கள்.

கொல்லிமலைத்தேன்

சரி, போட்டுவிட்டேன். இப்போது என் பிரச்சினை. ஒரு நிரல் லைப்ரரியின் கையேட்டை எச்டிஎம்எல் ஜிஇசட் என்ற பெயரில் ஒரே கோப்பாகத் தந்திருந்தார்கள். இறக்கித் திறந்தால், இது ஆர்க்கைவே இல்லை என்கிறது 7-ஜிப். நண்பனின் லினக்ஸ் கணினியில் ஜீஜிப் கொடுத்தால், இது ஜீஜிப் வடிவமே இல்லை என்கிறது. அளவைப் பார்த்தால் தளத்தில் போட்டதைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கிறது. வைரஸாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பெங்குயின்கூடு

அளவு பெரியதாக இருக்கிறது என்று சொன்னீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. பெயரில் உள்ள ஜிஇசட்டை நீக்கிவிட்டு எச்டிஎம்எல் என்று முடியும்படி மாற்றி, பிரவுசரில் திறந்து பாருங்கள்.

கொல்லிமலைத்தேன்

திறந்துவிட்டது! கையேடு முழுவதும் இருக்கிறது. எப்படி?

பெங்குயின்கூடு

இணையத்தில் பக்கங்கள் வேகமாக வருவதற்காக, சர்வர்கள் வழியில் ஜீஜிப்பால் சுருக்கி அனுப்புவதும், பிரவுசர் அதை வந்ததும் தானே விரிப்பதும் வழக்கம். கோப்பே ஜிஇசட்டாக இருக்கும்போது, சில சர்வர்கள் அதையும் அப்படி வழியில் சுருக்கியது என்று தவறாக அறிவித்துவிடுகின்றன. பிரவுசர் அதை நம்பி விரித்துவிடுகிறது, பெயரை மட்டும் பழையபடி விட்டுவிடுகிறது. உங்கள் கையில் கிடைப்பது ஏற்கெனவே விரிந்த கோப்பு, தலையில் ஜிஇசட் என்று பெயர்ப்பலகையோடு.

பெயரின் வாலை நம்பாமல் கோப்பின் தலையைப் பார்க்கப் பழகுங்கள். நோட்பேடில் திறந்தாலே போதும், எல்லாம் கிறுக்கலாக இருந்தாலும் முதல் சில எழுத்துகள் காட்டிக்கொடுத்துவிடும். ஜிப் என்றால் பி, கே என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். அந்த வடிவத்தை 1989-ல் உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை. சிஎச்எம் என்றால் ஐ, டி, எஸ், எஃப். பிஇசட்2 என்றால் பி, இசட், சின்ன எச். பிடிஎஃப் என்றால் சதவீதக் குறியோடு பிடிஎஃப் என்றே இருக்கும். ஜீஜிப் மட்டும் படிக்கிற மாதிரி இருக்காது. அதன் முதல் இரண்டு பைட்டுகள் பதினாறடிமான எண்ணில் 1எஃப், 8பி. லினக்ஸில் ஃபைல் என்று ஒரு கட்டளையே இருக்கிறது, கோப்பின் தலையைப் பார்த்து வகையைச் சொல்லிவிடும்.

ஈபப் மின்னூலும், வேர்டின் டாக்எக்ஸ் கோப்பும், ஜாவாவின் ஜார் கோப்பும் இதே பி, கே எழுத்துகளில்தான் தொடங்கும். எல்லாமே உள்ளுக்குள் ஜிப். காட்ஸ் தன் வடிவத்தின் விவரக் குறிப்பை யாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டதால்தான் இன்றைக்கு எந்தக் கணினியிலும் ஜிப் திறக்கிறது. அவர் 2000-ல், 37 வயதில் இறந்துபோனார். நாம் தினமும் தொடுகிற ஒரு வடிவம், அவர் பெயரை ஒரு தடவையாவது சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

தறிநாடா

பதிப்பு பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், அந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. ஜாவா ஆவணத் தொகுப்பை இறக்கிப் பார்த்தேன். டெஸ்க்டாப்பில் பிரிக்கும்போது பாதை மிக நீளம் என்று சில கோப்புகளை விட்டுவிட்டது.

மலைக்கோட்டை

விண்டோஸில் டிரைவ் எழுத்திலிருந்து கோப்பின் பெயர் வரைக்கும் மொத்தம் 260 எழுத்து என்ற பழைய வரம்பு இருக்கிறது. ஜாவா ஆவணத்தில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்க்கொண்டே இருக்கும். டெஸ்க்டாப்பின் பாதையே நீளம். அதற்கு மேல் எக்ஸ்ட்ராக்ட் ஆல் ஜிப்பின் பெயரில் இன்னொரு ஃபோல்டரையும் சேர்த்துவிடும். முதலில் கரிசல்பெண்ணுக்குச் சொன்னதும் இதற்காகத்தான். டிரைவின் வாசலிலேயே சின்னப் பெயரில் ஃபோல்டர் வைத்துப் பிரியுங்கள்.

வடமராட்சிக்காற்று

தொடரும் வசதியோடு முழுதாக இறக்கி, எண்ணையும் ஒப்பிட்டுவிட்டேன், சரியாக இருக்கிறது. மலைக்கோட்டை அண்ணைக்கு நன்றி.

பழையதட்டு ஐயாவிடம் ஒரு கேள்வி. என்னிடம் பழைய சிஎச்எம் கோப்புகள் நிறைய இருக்கின்றன. நான் லினக்ஸுக்கு மாறப் போகிறேன். எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி வைப்பது நல்லதா?

பழையதட்டு

பிடிஎஃப் வேண்டாம் என்பது என் கருத்து. கையேடு என்பது தாவித் தாவிப் படிக்கிற பொருள். பிடிஎஃப் ஆக்கினால் உள் இணைப்புகள் பலதும் போய்விடும், நிரல் வரிகள் பக்கத்தின் ஓரத்தில் உடைந்து நிற்கும், நகலெடுத்து ஒட்டினால் இடைவெளிகள் குலைந்து வரும். பைத்தானில் இடைவெளி குலைந்தால் நிரலே ஓடாது.

7-ஜிப்பால் சிஎச்எம்மைப் பிரித்து எச்டிஎம்எல் ஃபோல்டராக வையுங்கள். விண்டோஸில் உள்ள எச்எச் என்ற பார்வையானுக்கும் டீகம்பைல் என்று ஒரு வசதி உண்டு. பிரித்தால் பக்கங்கள் எல்லாம் பிரவுசரில் திறக்கும். இடது பக்கத்தில் மரம் மாதிரி விரிகிற பொருளடக்கம் மட்டும் கிடைக்காது. அது எச்எச்சி என்று முடியும் தனிக் கோப்பில் இருக்கிறது, பிரவுசர் அதைக் காட்டாது.

பெங்குயின்கூடு

அந்தப் பொருளடக்கம் போவது பெரிய இழப்பு ஐயா. பல கையேடுகளில் முதல் பக்கத்தில் இணைப்பே இருக்காது, எல்லாமே அந்த மரத்தை நம்பித்தான். லினக்ஸில் கேசிஎச்எம்வியூவர், எக்ஸ்சிஎச்எம் என்று பார்வையான்கள் இருக்கின்றன, மரத்தோடு காட்டும். வடமராட்சிக்காற்று மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு இவற்றில் ஒன்றைப் போட்டுக்கொள்ளட்டும்.

பழையதட்டு

இன்றைக்கு அது சரி. ஆனால் பார்வையான் என்றைக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. சிஎச்எம்முக்கு முன்பு எச்எல்பி என்று ஒரு வடிவம், 1990-ல் விண்டோஸ் 3.0 காலத்தில் வந்தது. விண்டோஸ் விஸ்டாவில் அதன் பார்வையானை எடுத்தார்கள், தனியாக இறக்கிப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். விண்டோஸ் 10-க்கு அதுவும் கிடையாது. பழைய இயந்திரங்களை ஓட்டுகிற பட்டறைகளில் கையேடு எச்எல்பியில் இருந்து, திறக்க வழியில்லாமல் நின்றவர்கள் உண்டு. எச்டிஎம்எல்லுக்கு அந்த நிலை வராது. ஆகவே மூலத்தையும் வைத்துக்கொள்ளுங்கள், பிரித்ததையும் வைத்துக்கொள்ளுங்கள். வட்டில் இடம் பெரிதாகப் போகாது.

கரிசல்பெண்

இவ்வளவும் படித்தபின் ஓர் ஆசை வந்திருக்கிறது. அப்பாவின் மென்பொருளுக்குத் தமிழில் ஒரு சின்னக் கையேடு எழுதி, கடைத்தெருவில் அதைப் பயன்படுத்துகிற மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். பில் போடுவது, சரக்கு இருப்பு பார்ப்பது, மாதக் கணக்கு எடுப்பது அளவுக்குத்தான். சிஎச்எம் ஆகச் செய்யலாமா, ஜிப்பாகக் கொடுக்கலாமா?

பழையதட்டு

நல்ல காரியம், கண்டிப்பாகச் செய்யுங்கள். ஆனால் தமிழுக்கு சிஎச்எம் ஒத்துவராது. பக்கத்தின் உள்ளே யூனிகோட் தமிழ் சரியாக வரும். இடது பக்கப் பொருளடக்கமும் தேடலும் யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றங்களை, அதாவது எழுத்துக்கு எண் ஒதுக்கும் முறைகளை, நம்பியவை. விண்டோஸில் தமிழுக்கு அப்படி ஒரு பழைய குறியேற்றப் பக்கம் ஒதுக்கப்படவே இல்லை, நேராக யூனிகோடில்தான் வந்தது. அதனால் தலைப்புகள் வரிசையாகக் கேள்விக்குறிகளாகத்தான் தெரியும்.

எச்டிஎம்எல் பக்கங்களாக எழுதி, முதல் பக்கத்தில் நீங்களே பொருளடக்கம் போட்டு, ஜிப்பாகக் கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறை) என்று குறிப்பிட மறக்காதீர்கள்.

பெங்குயின்கூடு

கோப்புகளின் பெயரை மட்டும் தமிழில் வைக்காதீர்கள் சகோதரி. சொல்ல எனக்கே மனம் இல்லை, ஆனால் அனுபவித்துச் சொல்கிறேன். உள்ளடக்கம், தலைப்பு எல்லாம் தமிழில் இருக்கட்டும்.

ஜிப் வடிவத்தில் பெயர்கள் யூடிஎஃப்-8-ல் இருக்கின்றன என்று சொல்ல ஒரு கொடி (அடையாளக் குறி) இருக்கிறது, 2006-ல்தான் சேர்த்தார்கள். அதைப் போடாத பழைய கருவியால் கட்டினால் பெயர்கள் சிதைந்துவிடும். விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ்ப் பெயருள்ள கோப்பை ஜிப்பில் சேர்க்கவே விடாது. கடைகளில் இன்னும் எந்தக் காலத்துக் கணினி இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

அடுத்தது நீளம். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். அப்படியானால் மொத்தம் 85 குறிகள், அதிலும் 'கி' என்று எழுதினால் இரண்டு குறி போய்விடும். விண்டோஸில் எழுத்தை எண்ணுகிறார்கள், பைட்டை இல்லை. விண்டோஸில் அழகாகக் கட்டிய ஜிப் லினக்ஸில் பிரிக்கும்போது பெயர் நீளம் என்று நின்றுவிடும்.

இன்னும் நுணுக்கமான சிக்கல் ஒன்று இருக்கிறது. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய மேக் கணினிகளின் வட்டு அமைப்பு எல்லாப் பெயரையும் இரண்டாகப் பிரித்துத்தான் சேமிக்கும். பக்கத்துக்குள் இணைப்பை ஒரு விதமாக எழுதி, ஜிப்புக்குள் கோப்பின் பெயர் இன்னொரு விதமாக இருந்தால், லினக்ஸில் அந்த இணைப்பு திறக்காது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

கரிசல்பெண்

சரி அண்ணா, புரிந்தது. கோப்புப் பெயர்கள் ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தாக, நடுவில் இடைவெளி இல்லாமல் வைத்துக்கொள்கிறேன். வாங்குகிறவர்களும் என்னை மாதிரி ஜிப்புக்குள்ளேயே திறந்துவிடுவார்களே, அதற்கு என்ன செய்வது?

மலைக்கோட்டை

படங்கள் குறைவு என்றால் எல்லாவற்றையும் ஒரே எச்டிஎம்எல் பக்கமாக எழுதிவிடுங்கள். அலங்காரத்தையும் அதே பக்கத்துக்குள் வையுங்கள், படங்களையும் பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாற்றி உள்ளேயே பதித்துவிடலாம். பொருளடக்கத்தின் இணைப்புகள் அதே பக்கத்தின் கீழ்ப்பகுதிகளுக்குப் போகட்டும். அப்படிச் செய்தால் ஜிப்புக்குள்ளிருந்து திறந்தாலும் எதுவும் அறுந்து போகாது, ஜிப்பே இல்லாமலும் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கலாம். முதல் வரைவு தயாரானதும் இங்கே போடுங்கள், ஆளுக்கொரு கணினியில் திறந்து பார்த்துச் சொல்கிறோம். என்னிடம் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிற பெட்டி ஒன்று இருக்கிறது, அதில் தமிழ் எப்படித் தெரிகிறது என்று நான் பார்த்துவிடுகிறேன்.